யாரைப் பாத்து யார் சிரிக்கலாம்?

2022இல் இலங்கை அரசியலுக்குள்ள ஒரு காகம் வந்து குந்தினது. நிதியமைச்சரா இருந்த பசில் ராஜபக்சவுக்குச் சிங்களச் சனம் வைச்ச பட்டப்பெயர் 'கபுடா'. தமிழில காகம். ஊர்வலத்தில, பஸ்ஸில, கிரிக்கெட் மைதானத்தில எண்டு எங்க நாலு பேர் கூடினாலும் ஒராள் தொடங்க, மற்ற எல்லாரும் காகம் மாதிரிக் கத்துவினம். ஒரு நாளில பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாடு, காஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசையில நிண்ட நாடு, அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிச்சது. ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் கூடாரம் போட்டவை அந்த இடத்துக்கு வைச்ச பேரே ஒரு பகிடிதான். 'கோட்டா கோ ஹோம்' எண்ட கோசத்தில இருந்த ஹோமை எடுத்துப்போட்டு, சிங்களத்தில ஊர் எண்டு அர்த்தம் வாற 'கம'வைப் போட்டால் 'கோட்டா கோ கம'. ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லி, அவற்ற பேரிலேயே ஒரு ஊர்.

அந்த மாதங்களில நான் கிளிநொச்சியில ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தனான். மண்ணெண்ணெய் வரிசையில நிண்ட கமக்காரர் எல்லாரும் போனில அந்த வீடியோக்களைப் பாத்தவை, பாத்துச் சிரிச்சவை. ஆனா ஒருத்தரும் சத்தமாக் கத்தேல்லை. ஏன் எங்கட வரிசை மட்டும் இப்பிடிச் சத்தமில்லாமல் நிக்குது எண்டு அப்பாட்டக் கேட்டன். "அவங்கள் கத்தினால் அது போராட்டம். நாங்கள் கத்தினால் அதுக்கு வேற பேர் இருக்கு, பிள்ளை" எண்டார்.

இந்தக் கட்டுரை அந்த 'வேற பேரை'ப் பற்றினது.

அரசியல்வாதியைப் பாத்துச் சிரிக்கிறதால என்ன வந்தது எண்டு கேக்கிறவை இருக்கினம். காகம் கத்தி அரிசி விலை குறையேல்லை, உண்மைதான். ஆனா 2022க்கு முதல் கோட்டாபய ராஜபக்ச எண்ட பேரை நாங்கள் எப்பிடிச் சொன்னனாங்கள் எண்டு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. யுத்தம் முடிஞ்ச நேரம் பாதுகாப்புச் செயலாளரா இருந்தவர். கடைசி மாதங்களை முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்து கடந்த குடும்பங்களுக்கு அந்தப் பேர் என்ன செய்யும் எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட வீட்டில அந்தப் பேரைச் சொல்லேக்க குரல் தானாக் கீழ போகும். 2019 நவம்பரில அவர் ஜனாதிபதியா வந்த இரவு எங்கட ஒழுங்கையில ரிவிச் சத்தத்தைத் தவிர வேற ஒரு சத்தமும் கேக்கேல்லை. அந்தப் பேரை, மூண்டு வருசம் போறதுக்குள்ள, தெற்கில சின்னப் பிள்ளையள் விளையாட்டாப் பாடிக்கொண்டு திரிஞ்சதுகள். முதல்ல போனது பயம். பயம் போன பிறகுதான் ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள போனது. 13ஆம் திகதி அவர் நாட்டை விட்டுப் போனார். 14ஆம் திகதி பதவி விலகினார்.

சிரிப்புக்கு இப்பிடி ஒரு வேலை இருக்கு எண்டது எங்களுக்குப் புதுசு இல்லை. தெருக்கூத்தில ராசா வாறார் எண்டு அறிவிக்கிற கட்டியக்காரன், அந்தச் சாட்டில ராசாவையே நக்கலடிச்சுப்போடுவான். ராசா கோவிக்க ஏலாது. கட்டியக்காரன் இல்லாட்டிக் கூத்து நடக்காது. எங்கட முல்லைத்தீவில ஆடுற கோவலன் கூத்தை எடுங்கோ. கண்ணகி பாண்டியன்ர சபைக்குள்ள போய், நீ விசாரிக்காமக் கொண்டனீ எண்டு முகத்துக்கு நேர சொல்லுறாள். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கிற நாங்கள் எல்லாரும், அரசனை அவன்ர சபையிலயே மரியாதை இல்லாமக் கதைச்ச ஒரு பொம்பிளையைத்தான் கும்பிடுறம். அது பகிடி இல்லை, கோவம். எண்டாலும் ரெண்டுக்கும் வேர் ஒண்டுதான். கதிரையில இருக்கிறவனும் மனுசன், அவனும் பிழை விடுவான், அதை எனக்குச் சொல்லலாம் எண்ட நினைப்பு.

ஈழத்தில இதை ஒரு தொழிலாவே செய்தவர் 'சுந்தர்' எண்ட பேரில கார்ட்டூன் கீறின சி. சிவஞானசுந்தரம். 1960களில கொழும்பில தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்த அவற்ற 'சிரித்திரன்' இதழ்களை நூலகம் இணையத்தளத்தில இப்பவும் வாசிக்கலாம். சவாரித் தம்பரைத் தெரியாத எங்கட வயசுக்காரர் ஒருக்கா உள்ள போய்ப் பாருங்கோ. கொழும்பில இருக்கிறவையை மட்டும் பாத்துச் சிரிச்ச பத்திரிகை இல்லை அது. எங்கட ஆக்களின்ர போலிப் பெருமையையும் சேர்த்துத்தான் கீறினது. இந்த விசயத்துக்குப் பிறகு திரும்ப வாறன்.

இப்ப அப்பா சொன்ன 'வேற பேருக்கு' வருவம். அந்தப் பேர் சட்டப் புத்தகத்தில இருக்கு.

அரசியலமைப்பின்ர 14ஆம் உறுப்புரை எல்லாப் பிரசைகளுக்கும் பேச்சுச் சுதந்திரம் இருக்கு எண்டு சொல்லுது. 15ஆம் உறுப்புரை அதுக்கு என்னென்ன கட்டுப்பாடு போடலாம் எண்டு சொல்லுது. அதோட நிண்டிருந்தால் பரவாயில்லை. 1979இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் எண்டு ஒண்டு வந்தது. அதின்ர முழுப் பேரில 'தற்காலிக ஏற்பாடுகள்' எண்டு ஒரு சொல் இருக்கு. என்ர அம்மாவை விட வயசு கூடின தற்காலிகம் அது. நாட்டில இதை விடப் பெரிய பகிடியை எந்த மீம் பக்கமும் இன்னும் போடேல்லை. தடுப்புக்காவல் உத்தரவில ஒராளைப் பதினெட்டு மாதம் வரைக்கும் வைச்சிருக்கலாம் எண்டு இருந்ததை, 2022இல் திருத்திப் பன்னிரண்டு மாதமாக் குறைச்சவை. அதைத்தான் சீர்திருத்தம் எண்டு சொன்னவை.

பிறகு 2007இன் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், சுருக்கமா ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். பேரைக் கேட்டால் எங்களைக் காப்பாத்த வந்த சட்டம் மாதிரி இருக்கும். உண்மையில அந்தச் சர்வதேச சமவாயம் அதுக்காகத்தான் எழுதப்பட்டது. ஆனா இலங்கையில அதின்ர 3ஆம் பிரிவு, சிறுபான்மையினருக்கு எதிரா வெறுப்பைத் தூண்டுறவையைப் பிடிக்கிறதை விட்டுப்போட்டு, எழுத்தாளரையும் பகிடி சொன்னவையையும் பிடிக்கத்தான் கூடப் பயன்பட்டிருக்கு. 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார எண்ட சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நாலு மாதத்துக்கு மேல உள்ள இருந்தார். 2023 மே மாதம் நதாஷா எதிரிசூரிய எண்ட நகைச்சுவைக் கலைஞர் மேடையில சொன்ன ஒரு பகிடிக்காகக் கட்டுநாயக்க விமான நிலையத்தில வைச்சுக் கைதானார். பிணை கிடைச்சது ஜூலை 5ஆம் திகதி. ஒரு பகிடிக்கு ஏன் ஒரு மாதத்துக்கு மேல? அந்தச் சட்டத்தில நீதவான் பிணை குடுக்க ஏலாது. மேல் நீதிமன்றம்தான் குடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான காரணம் இருந்தால். கடைசியில குற்றவாளி எண்டு தீர்க்கவே தேவையில்லை. பிடிக்கிறதே தண்டனை.

இவை ரெண்டு பேரும் சிங்களவர். இந்தச் சட்டங்கள் தமிழ் பேசுறவரில விழேக்க என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட வன்னித் தேர்தல் மாவட்டத்திலேயே ஒரு ஆள் இருக்கிறார். மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த அஹ்னாப் ஜசீம். கவிஞர், ஆசிரியர். 'நவரசம்' எண்டு தமிழில ஒரு கவிதைப் புத்தகம் போட்டவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ அவரைப் பிடிச்சவை. அவற்ற கவிதைகள் தீவிரவாதத்தைப் பரப்புது எண்டது குற்றச்சாட்டு. தமிழில வாசிக்கிற ஆருக்கும் தெரியும், அந்தப் புத்தகத்தில வன்முறைக்கு எதிரான கவிதைகள்தான் இருக்கு எண்டு. ஆனா அதைப் படிச்சுத் தீர்மானிச்சவைக்குக் கவிதை போய்ச் சேர்ந்தது மொழிபெயர்ப்பில. உவமையும் உருவகமும் அந்த வழியில ஆதாரமாயிட்டுது. ஒண்டரை வருசத்துக்கு மேல உள்ள இருந்து, 2021 டிசம்பரில் பிணையில வந்து, 2023 டிசம்பரில்தான் விடுதலையானார். நையாண்டியும் அப்பிடித்தான். சொல்லுறது ஒண்டு, கருதுறது வேற. உங்கட மொழி விளங்காத ஒருத்தர் உங்கட நையாண்டியை நேரடி அர்த்தத்தில மொழிபெயர்த்துப் பார்த்தால், அது வாக்குமூலமாத்தான் தெரியும்.

2022 மே 18ஆம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவு நடந்தது. கஞ்சி குடுத்தவை. சிங்களப் பெடியளும் வாங்கிக் குடிச்சவை. அதைப் பாத்து எங்கட வீட்டில அழுதவை. சரியா ரெண்டு வருசம் கழிச்சு, 2024 மே மாதம், திருகோணமலை சம்பூரில அதே கஞ்சியைக் குடுத்ததுக்காக மூண்டு பெண்களும் ஒரு ஆணும் கைதானவை. கொழும்பில கஞ்சி நல்லிணக்கம். சம்பூரில கஞ்சி குற்றம். கஞ்சி ஒண்டுதான். அப்பா சொன்னதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆட்சி மாறினது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி வன்னியிலயும் முதலாவதா வந்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நீக்குவம் எண்டு சொல்லித்தான் வந்தவை. 2025 மார்ச்சில, இஸ்ரேலைத் திட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டின 22 வயசு முஸ்லிம் இளைஞரை அதே சட்டத்தின் கீழ தடுத்து வைச்சவை. ரெண்டு கிழமைக்கு மேலாகித்தான் விட்டவை. எங்கட வயசுக்காரன். ஒரு ஸ்டிக்கர். நக்கலும் போராட்டமும் எதிர்க்கட்சியில இருக்கேக்க எல்லாருக்கும் பிடிச்ச விசயம். கதிரையில ஏறின பிறகும் அதைப் பொறுக்கிறவை ஆர் எண்டதுதான் கேள்வி.

இன்னொரு திகதியையும் சொல்லவேணும். கார்ட்டூன் கீறினவரும் ஊடகவியலாளருமான பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டது 2010 ஜனவரி 24ஆம் திகதி. ஜனாதிபதித் தேர்தலுக்கு ரெண்டு நாள் முந்தி. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றினதும் ஒரு ஜனவரி 24ஆம் திகதிதான். பதினாலு வருசம். ஆக்களைக் காணாமல் ஆக்கிறதில இருந்து போஸ்ற்றைக் காணாமல் ஆக்கிறதுக்கு முன்னேறியிருக்கிறம்.

இவ்வளவும் அரசாங்கத்தைப் பற்றி. இதோட நிப்பாட்டினால் எல்லாரும் கை தட்டுவினம். ஆனா எனக்குச் சொல்ல வேண்டி இருக்கிறது இன்னொரு பக்கம்.

போன வருசம் ஊர்ச் சனசமூக நிலையத்தின்ர ஆண்டு விழாவுக்கு நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நாடகம் எழுதினம். அதில ஒரு எம்பி வருவார். ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து அதே பாலத்துக்கு அடிக்கல் நட்டுப்போட்டுப் போவார். நாலாவது தடவை வரேக்க ஊர்க் கிழவி ஒராள் சொல்லுவா: "ஐயா, இன்னும் ரெண்டு கல்லு நட்டுட்டுப் போங்கோ. கல்லை வைச்சே நாங்கள் பாலத்தைக் கட்டிடுவம்." ஒத்திகையில எல்லாருக்கும் பிடிச்ச இடம் அதுதான்.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கேக்க நிர்வாகத்தில இருந்து ஒரு மாமா வந்தார். ஏசேல்லை, மிரட்டேல்லை. "பிள்ளையள், நாடகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மண்டபக் கூரைக்கு ஒராள் காசு ஒதுக்கித் தாறன் எண்டிருக்கிறார். அவரும் விழாவுக்கு வாறார். கூரை முடியட்டும்" எண்டார். அவ்வளவுதான். ஆமி இல்லை, பொலிஸ் இல்லை, சீஐடி இல்லை. கூரைத் தகரம்.

நான் அதுக்குப் பிறகு கவனிச்சுப் பாத்தன். எங்கட மாவட்டங்களில வாயை மூட வைக்கிறது எப்பவும் துவக்கு இல்லை. வீட்டுத்திட்டப் பட்டியல், அஸ்வெசும, ஒரு ஒப்பந்த வேலை, ரோட்டுக்குக் கொங்கிறீற், அண்ணாவுக்கு இடமாற்றம். யுத்தத்தில எல்லாத்தையும் விட்டுட்டு வந்து திரும்பக் கட்டின சனம். எங்களுக்குத் தேவை கூட. தேவை கூட இருக்கிற இடத்தில அரசியல்வாதிக்கு மரியாதையும் கூட. அந்த மரியாதைக்குப் பின்னால இருக்கிறது அன்பா, கணக்கா எண்டு அவைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நாங்கள் நாடகத்தை விடேல்லை. எம்பியை எடுத்துப்போட்டம். மேடையில ஒரு வெறும் கதிரை, அதில ஒரு மாலை, பக்கத்தில அடிக்கல். ஒலிபெருக்கி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்: பிரதம விருந்தினர் ஆனையிறவு தாண்டிட்டார். பரந்தனில ரீ குடிக்கிறார். ஏதோ அவசரமாம், திரும்ப ஆனையிறவுக்குப் போட்டார். காத்திருக்கிற பெடியன் தாடி வளந்து, கலியாணம் கட்டி, பிள்ளையோட வந்து நிப்பான். அறிவிப்பு முடியாது. சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. முன்வரிசையில இருந்தவரும் சிரிச்சார். கூரை மாமாவும் சிரிச்சார்.

பிறகு கம்பஸில சினேகிதி ஒருத்தி சொன்னாள், "முதல் எழுதினதை விட இதுதான்டி நல்ல கலை" எண்டு. இருக்கலாம். ஆனா எனக்கு அந்தக் கிழவியின்ர வசனம்தான் நினைவில நிக்குது. முதல் நாடகம் அவர் என்ன செய்தவர் எண்டு சொன்னது. ரெண்டாவது நாடகம் ஆரையும் ஒண்டும் சொல்லேல்லை. அதாலதான் எல்லாரும் சிரிச்சவை. மறைச்சுச் சொல்லுறதில எங்கட ஆக்கள் கெட்டிக்காரர் எண்டு பெருமைப்படுறம். நேர சொல்ல விடாததாலதான் அந்தக் கெட்டித்தனம் வந்தது எண்டதை மறந்துபோறம்.

இதை விடக் கஷ்டமான பகுதிக்கு வாறன். எழுதேக்க விரல் கொஞ்சம் நிண்டு யோசிக்குது, எண்டாலும் எழுதத்தான் வேணும். வன்னியில ஒரு காலத்தில தெருவெளி நாடகங்கள் ஊர் ஊராப் போனது. அதில கொழும்பு ஜனாதிபதிமாரை எவ்வளவும் நக்கலடிக்கலாம். பெரியாக்களிட்டக் கேட்டால் இப்பவும் நடிச்சுக் காட்டுவினம். ஆனா இஞ்ச அதிகாரத்தில இருந்தவையைப் பற்றி ஒரு பகிடி சொல்லுங்கோ எண்டு கேட்டால் கதையை மாத்துவினம். 1991இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில நாடகமும் அரங்கியலும் படிச்சுக்கொண்டிருந்த கவிஞர் செல்வி, எங்கட வவுனியா சேமமடுவைச் சேர்ந்தவர். புலிகள் அவரைக் கொண்டுபோனவை. திரும்பி வரேல்லை. அடுத்த வருசம் எழுத்தாளர்களின்ர பென் அமைப்பு அவருக்கு விருது குடுத்தது. வாங்கிறதுக்கு அவர் இல்லை. நான் இப்ப அதே கலைப்பீடத்தில படிக்கிறன்.

இதைச் சொல்லுறது யுத்தத்தில ஆர் கூடப் பிழை எண்டு தராசில போட இல்லை. எங்கட வீட்டிலயும் போராடப் போனவையும் இருக்கினம், காணாமல் போனவையும் இருக்கினம். நான் சொல்லுறது சின்ன விசயம். தூரத்தில இருக்கிற தலைவரைப் பாத்துச் சிரிக்கிறதுக்குச் சுதந்திரம் தேவையில்லை. வடகொரியாவிலயும் அமெரிக்க ஜனாதிபதியை நக்கலடிக்கலாம். உங்களுக்கு ஆகக்கிட்ட இருக்கிற, உங்களிட்ட வாக்குக் கேக்கிற, உங்கட பேரில கதைக்கிற தலைவரைப் பாத்துச் சிரிக்கலாமோ எண்டதுதான் சோதனை. அந்தச் சோதனையில நாங்கள் கொழும்பை மட்டும் பெயில் எண்டு போட ஏலாது.

தமிழ்நாட்டையும் பாருங்கோ. எங்கட மீம் எல்லாத்துக்கும் வடிவேலுவைக் கடன் குடுத்த இடம். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில வந்த ஒரு பகிடிக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூண்டு மாதச் சிறைத்தண்டனை விதிச்சது. எம்.எல்.ஏ.யும் அமைச்சரும் பிக்பாக்கெட்டும் கொள்ளைக்காரனும் மாதிரி இருக்கினம் எண்டது பகிடி. எதிர்ப்பு வலுக்க ஒருசில நாளில விட்டவை. பிறகு அவர் வழக்குப் போட்டு ஆயிரம் ரூபா நட்டஈடு வாங்கினார். 2025 பெப்ரவரியில் அதே விகடன்ர இணையத்தளம், மோடி டிரம்புக்கு முன்னால கைவிலங்கோட இருக்கிற ஒரு கார்ட்டூனுக்காக முடக்கப்பட்டது. மார்ச்சில சென்னை உயர் நீதிமன்றம் திறக்கச் சொன்னது, ஆனா அந்தக் கார்ட்டூனை இப்போதைக்கு எடுக்கவேணும் எண்டு சொல்லி. முப்பத்தெட்டு வருசம், கட்சியும் ஆட்சியும் எத்தினை மாறினது. கார்ட்டூனுக்குப் பயப்பிடுறது மட்டும் மாறேல்லை.

சரி, அப்ப என்னத்தையும் சொல்லிச் சிரிக்கலாமோ? எங்கட ரிக்ரொக்கையும் வட்ஸ்அப் குறூப்புகளையும் பாத்தால் இந்தக் கேள்வி வரும். தேர்தல் வந்தால் பொம்பிளை வேட்பாளர்களின்ர படத்துக்குக் கீழ என்னென்ன எழுதுறாங்கள் எண்டு பாத்திருப்பியள். நிறம், உடம்பு, சாதி, ஆரோட நிண்டு படம் எடுத்தவ எண்டது. அவ என்ன கொள்கை சொன்னவ எண்டு ஒரு மீமும் இல்லை. இதையும் நையாண்டி எண்டு சொல்லிக்கொண்டு திரியிறம்.

இதுக்காக ஒருத்தரையும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில பிடிக்க வேணும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா எது அதிகாரத்தைத் தொடுது, எது ஏற்கெனவே கீழ இருக்கிறவரை இன்னும் மிதிக்குது எண்டு பிரிச்சுப் பாக்கலாம். மரியாதையான சொல், மரியாதை இல்லாத சொல் எண்டு பிரிக்கிறது பிழை. 2017 ஒக்டோபரில திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால கந்துவட்டிக் கொடுமையால ஒரு குடும்பம் தீக்குளிச்சது. அதைப் பற்றிக் கார்ட்டூனிஸ்ட் பாலா கீறினதில, முதலமைச்சரும் ஆட்சியரும் பொலிஸ் அதிகாரியும் உடுப்பில்லாமல் காசுத்தாளால மறைச்சுக்கொண்டு நிக்கினம், முன்னால ஒரு பிள்ளை எரியுது. அசிங்கமான படம் எண்டு சொன்னவை. நவம்பரில அவரைப் பிடிச்சவை. ஆனா அதில அசிங்கம் எது? எரிஞ்சதைப் பாத்துக்கொண்டு நிண்டதா, நிண்டதைக் கீறினதா? அவர் ஒருத்தற்ற உடம்பையும் நக்கலடிக்கேல்லை. அவையின்ர கடமையில இருந்த உடுப்பைத்தான் கழட்டினார். எங்கட குறூப்பில ஒரு மீமை ஷெயார் பண்ண முதல் நான் இப்ப பாக்கிறது அதைத்தான். இது அவர் செய்ததைப் பற்றியோ, அவர் பிறந்த விதத்தைப் பற்றியோ?

எங்களிட்ட ஆகக் கூர்மையா நக்கலடிக்கிறவை கம்பஸ் பெடியள் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால 2017 பெப்ரவரி 20ஆம் திகதி இருந்த அம்மாக்கள். என்ர அம்மம்மாவும் அதில ஒராள். மாமாவை 2009இல் இருந்து தேடுறா. 2020 ஜனவரியில் கோட்டாபய ஐ.நா. பிரதிநிதியிட்ட, காணாமல் போனவை உண்மையில இறந்துபோச்சினம் எண்டு சொன்ன செய்தி வந்த நாள் அவ ஒண்டும் கதைக்கேல்லை. அதுக்குப் பகிடி இல்லை. பகிடிக்கும் எல்லை இருக்கு, அந்த எல்லையைத் துக்கத்தில இருக்கிறவைதான் போடவேணும். ஆனா மற்ற நாளுகளில அங்க போய் இருந்து பாத்தால் தெரியும். பைலைத் தூக்கிக்கொண்டு வாற அதிகாரிமார் எப்பிடி இருமுவினம், எப்பிடிக் கடிகாரம் பாப்பினம் எண்டு அப்பிடியே நடிச்சுக் காட்டுவினம். 2024இல் புது ஜனாதிபதி வந்த நேரம் அம்மம்மா விரல் மடிச்சு எண்ணினா. மைத்திரி, கோட்டா, ரணில், இப்ப இவர். "நாலு பேரைப் பாத்திட்டம். இவை எல்லாரையும் விட எங்கட கொட்டில்தான் நிண்டு பிடிச்சிருக்கு. தேர்தல் கேட்டால் கொட்டில்தான் வெல்லும்" எண்டா. பக்கத்தில இருந்த எல்லாரும் சிரிச்சவை. றோட்டுக்கு அங்கால மோட்டார் சைக்கிளில ஒராள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு நிண்டவர். அவருக்கும் கேட்டிருக்கும். அம்மம்மா குரலைக் குறைக்கேல்லை.

அதைப் பாத்த பிறகு அப்பா சொன்னதை நான் வேற மாதிரி யோசிக்கிறன். எங்கட சத்தத்துக்கு வேற பேர் வைப்பாங்கள் எண்டது உண்மை. அந்தச் சட்டங்கள் போகவேணும். எழுதவேணும், கேக்கவேணும், ஒட்டவேணும். ஆனா அந்தப் பேருக்குப் பயந்து நாங்களே எங்கட வாய்க்குப் பூட்டுப் போட்டு, பிறகு சாவியை எம்பியிட்டயும் கூரைத் தகரத்திட்டயும் குடுத்திருக்கிறம். அந்தப் பூட்டுக்குப் பாராளுமன்றத்தில சட்டம் திருத்தத் தேவையில்லை.

மண்டபத்துக்குக் கூரை போட்டாச்சு. நல்ல தகரம், மழைக்கு ஒழுகாது. ஆண்டு விழா வாற மாதம். கிழவியின்ர வசனத்தைத் திரும்ப எழுதி வைச்சிருக்கிறம். மாமாவிட்டயும் காட்டினம். வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் கூரையை அண்ணாந்து பாத்தார். பிறகு கேட்டார், "கிழவியா ஆர் நடிக்கிறது?"